குழு தந்த வாக்கு: அஜைல் மென்பொருள் உருவாக்கத்தில் பொறுப்பேற்பும் நிறைவேற்றமும்

மென்பொருள் குழு ஒன்று தான் ஏற்ற பொறுப்பை எவ்வாறு நிறைவேற்ற வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை எண்ணற்ற குழுக்கள் ஒன்றுகூடி, அடுத்த இரு வாரங்களில் இன்னின்னவற்றை முடித்துத் தருவோம் என்று வாக்குக் கொடுக்கின்றன. இரண்டு வாரம் கழிந்ததும் அவற்றுள் பல, சொன்னதில் பாதியை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டு, மறுபடியும் அதே அளவுக்கு வாக்குக் கொடுக்கின்றன. இது ஏன் நிகழ்கிறது? அக்குழுக்களில் இருப்போர் பொறுப்பற்றவர்களா? உழைக்கத் தயங்குபவர்களா? நள்ளிரவிலும் கணினி முன் அமர்ந்திருக்கும் அந்த இளைஞர்களை அறிந்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். அப்படியானால் பிழை, வாக்கு பிறக்கும் விதத்திலும், அது எதன்மீது கொடுக்கப்படுகிறது என்ற தெளிவின்மையிலும் இருக்கிறது. குழு காக்க வேண்டியது பட்டியலின் எண்ணிக்கையை அன்று, தான் ஏற்ற இலக்கையே என்பதும், அதைக் காக்கும் கடமை குழுவுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு வேலை வாங்குவோருக்கும் உண்டு என்பதும் இவ்வுரை எடுத்துரைக்க வந்த கருத்து.

முதலில், பேசப்படும் முறை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். மென்பொருள் உருவாக்கத்தில் ‘அஜைல்’ என்று வழங்கும் அணுகுமுறை, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் 13 வரை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்னும் பனிச்சறுக்கு விடுதியில் கூடிய 17 வல்லுநர்கள் உருவாக்கிய ஓர் அறிக்கையிலிருந்து தன் பெயரைப் பெற்றது. கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம், மார்ட்டின் ஃபவுலர், கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லேண்ட் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். தேவைகள் அனைத்தையும் தொடக்கத்திலேயே எழுதி முடித்து, பின்னர் வடிவமைப்பை முடித்து, பின்னர் நிரலை எழுதி முடித்து, கடைசியில் சோதனைக்கு வந்து, அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அடிப்படைத் தவறுகளையே கண்டுபிடிப்பது என்னும் பழைய நடைமுறை, பெரிய திட்டங்கள் பலவற்றை ஆண்டுக்கணக்கில் தாமதப்படுத்தியிருந்தது. அதற்கு மாற்றாக, குறுகிய கால இடைவெளிகளில் இயங்கும் மென்பொருளைப் பயனரின் கையில் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, அடுத்த அடியைத் திருத்திக்கொள்ளும் வழியை அவ்வறிக்கை நான்கு விழுமியங்களாகவும் பன்னிரண்டு கொள்கைகளாகவும் வகுத்தது.

இந்த அணுகுமுறையின் கீழ் வரும் முறைகளுள் இன்று மிகப் பரவலானது ‘ஸ்க்ரம்’. ஹிரோடாகா தாக்கேயுச்சி, இக்குஜிரோ நோனாகா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் 1986இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில், புதிய பொருளை உருவாக்கும் குழு ரக்பி ஆட்டக்காரர்களைப் போலப் பந்தைத் தங்களுக்குள் கடத்தியபடி ஒன்றாக முன்னேற வேண்டும் என்று விளக்கினர். அந்த ஆட்டத்திலிருந்தே இப்பெயர் வந்தது. ஸ்க்ரமில் வேலை ‘ஸ்பிரின்ட்’ என்னும் சுற்றுகளாக நடைபெறும். ஒரு ஸ்பிரின்ட் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் இரு வாரங்களாக வைத்துக்கொள்வர். செய்ய வேண்டியவற்றை முன்னுரிமைப்படி அடுக்கிய பட்டியலுக்கு ‘பேக்லாக்’ என்று பெயர். அந்த முன்னுரிமையை முடிவு செய்பவர் ‘பிராடக்ட் ஓனர்’. பயனருக்குத் தேவையான ஒன்றைச் சுருக்கமாக எழுதிய ஒவ்வோர் உருப்படியும் ‘ஸ்டோரி’. சுற்றின் தொடக்கத்தில் திட்டமிடல் கூட்டம், நாள்தோறும் 15 நிமிட ‘ஸ்டாண்ட்-அப்’, முடிவில் செய்ததைக் காட்டும் ‘ரிவ்யூ’, செய்த விதத்தைச் சீர்தூக்கும் ‘ரெட்ரோ’ என்று இச்சுற்று அமைகிறது. இதில் வாக்கு எங்கே பிறக்கிறது? திட்டமிடல் கூட்டத்தில். எங்கே சோதிக்கப்படுகிறது? ஸ்பிரின்டின் கடைசி நாளில் என்றே பலரும் விடை சொல்வர்; உண்மையில் ஒவ்வொரு நாளும் அந்த 15 நிமிடத்தில்தான் அது சோதிக்கப்படுகிறது.

ஷ்வேபரும் மைக் பீடிலும் எழுதிய முதல் ஸ்க்ரம் நூலிலேயே பொறுப்பேற்பு, கவனக்குவிப்பு, ஒளிவுமறைவின்மை, மரியாதை, துணிவு என ஐந்து விழுமியங்கள் இடம்பெற்றன. பொறுப்பேற்பு அங்கேயே உண்டு. ஆனால் எதன்மீது பொறுப்பேற்பு? நடைமுறையில் அது, ஸ்பிரின்டுக்குள் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு ஸ்டோரியையும் முடிப்பதாகத் தரும் உறுதி என்றே பொருள் கொள்ளப்பட்டது. விளைவு என்ன? பட்டியல் ஒப்பந்தமாயிற்று, ஒப்பந்தம் மீறப்பட்டபோதெல்லாம் விசாரணை வந்தது, விசாரணைக்கு அஞ்சிய குழுக்கள் தரத்தைக் குறைத்தன, அல்லது தம்மால் முடிவதைக் குறைத்துச் சொல்லக் கற்றுக்கொண்டன. ஷ்வேபரும் சதர்லேண்டும் பராமரிக்கும் ஸ்க்ரம் வழிகாட்டி, 2011ஆம் ஆண்டுப் பதிப்பில், ஸ்பிரின்டுக்குள் எடுத்துக்கொள்ளும் வேலைப் பட்டியலைப் பொறுப்பேற்பு என்று கூறுவதைக் கைவிட்டு, அது ஒரு முன்கணிப்பு மட்டுமே என்று திருத்தியது. அத்திருத்தத்தைக் கண்டு, இனி எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று சிலர் மகிழ்ந்ததும் உண்டு. அந்த மகிழ்ச்சி தவறான மகிழ்ச்சி. 2016இல் ஐந்து விழுமியங்களும் வழிகாட்டிக்குள்ளேயே சேர்க்கப்பட்டன. 2020 நவம்பர் பதிப்போ எதன்மீது பொறுப்பேற்பு என்ற கேள்விக்கு நேராக விடை தந்தது: பேக்லாக் என்னும் நெடுங்காலப் பட்டியலுக்கு உரியது பொருளின் இலக்கு, ஸ்பிரின்டின் பட்டியலுக்கு உரியது ஸ்பிரின்டின் இலக்கு, கையளிக்கும் மென்பொருளுக்கு உரியது ‘முடிந்தது’ என்பதற்குக் குழு வகுத்துக்கொண்ட வரையறை. இந்த மூன்றுமே குழு தரும் வாக்கு. பட்டியலில் உள்ள உருப்படிகள், அந்த வாக்கைக் காப்பதற்கு இன்றைய அறிவின்படி தேர்ந்துகொண்ட வழி.

இவ்வேறுபாடு நூலளவில் நின்றுவிடும் நுணுக்கமா? அன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். மருத்துவமனை ஒன்றின் முன்பதிவுச் செயலியை உருவாக்கும் குழு ஒன்றை எண்ணிப் பாருங்கள். நோயாளி தம் கைப்பேசியிலிருந்தே முன்பதிவை ரத்து செய்ய வேண்டும். ரத்தான நேரம் உடனே மற்றொரு நோயாளிக்குக் கிடைக்க வேண்டும்: இது இரு வார ஸ்பிரின்டின் இலக்கு. இதற்காக எட்டு ஸ்டோரிகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ரத்து செய்யும் பொத்தான், காலியான நேரத்தை மீண்டும் திறந்துவிடுதல், குறுஞ்செய்தி உறுதி, மின்னஞ்சல் உறுதி, ரத்துக்கான காரணத்தைக் கேட்கும் படிவம், வரவேற்பு மேசைக்கு அறிவிப்பு, மருத்துவரின் நாள்பட்டியலில் மாற்றம், மேலாளருக்கு மாத அறிக்கை ஆகியவை அந்த எட்டு. ஆறாம் நாள், காலியான நேரத்தைத் திறந்துவிடும் பகுதியில் ஒரு சிக்கல் வெளிப்படுகிறது: ஒரே நொடியில் இருவர் பொத்தானை அழுத்தினால், மருத்துவரின் அதே பத்தரை மணி இருவருக்கும் பதிவாகிவிடுகிறது. இதைத் தீர்க்கத் தரவுத்தளத்தில் பூட்டு முறையை மாற்ற வேண்டும். அந்த வேலை எதிர்பார்த்ததைவிட மூன்று நாள் கூடுதலாக எடுக்கும்.

இங்கே இரண்டு வகைக் குழுக்களைக் காணலாம். முதல் வகைக் குழுவில், அச்சிக்கல் அதை எடுத்துக்கொண்ட ஒருவரின் சிக்கலாகவே கருதப்படுகிறது. மற்றவர்கள் தத்தம் ஸ்டோரியை முடித்து, வேலைநிலையைக் காட்டும் பலகையில் ‘முடிந்தது’ என்ற கட்டத்துக்கு நகர்த்திவிடுகின்றனர். மாத அறிக்கை அழகாக வந்துவிடுகிறது, காரணம் கேட்கும் படிவம் வந்துவிடுகிறது. பத்தாம் நாள் எட்டில் ஏழு முடிந்திருக்கிறது. ஆனால் ரத்து செய்யும் வசதியை ஒரு நோயாளிக்கும் திறந்துவிட முடியாது. இரண்டாம் வகைக் குழுவில், ஆறாம் நாள் காலை ஸ்டாண்ட்-அப்பிலேயே சிக்கல் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. அன்று பிற்பகலுக்குள் பிராடக்ட் ஓனரிடம் பேசி, மாத அறிக்கையும் படிவமும் மின்னஞ்சலும் இந்தச் சுற்றிலிருந்து எடுக்கப்படுகின்றன. அவற்றைத் தொடங்கவிருந்த இருவர், பூட்டு முறையில் திணறுபவரின் பக்கத்தில் வந்து அமர்கின்றனர். பத்தாம் நாள் எட்டில் ஐந்துதான் முடிந்திருக்கிறது, ஆனால் நோயாளி தம் வீட்டிலிருந்தே முன்பதிவை ரத்து செய்கிறார், காத்திருந்த இன்னொருவர் அந்த நேரத்தைப் பெறுகிறார். வாக்கைக் காத்தது எந்தக் குழு? எண்ணிக்கையைக் கேட்டால் முதல் குழு என்று சொல்லும். நோயாளியைக் கேட்டால் என்ன சொல்வார்?

இரண்டாம் குழு செய்தது சலுகை கேட்டதாகாது. புதிதாகத் தெரியவந்ததைக் கொண்டு, எடுத்துக்கொண்ட வேலையின் அளவைப் பிராடக்ட் ஓனருடன் பேசி மாற்றியமைக்க வழிகாட்டியே இடம் தருகிறது. ஆனால் இலக்கைக் குலைக்கும் மாற்றத்தை ஸ்பிரின்டின் நடுவில் செய்யவும், தரத்தைக் குறைக்கவும் அது இடம் தரவில்லை. ஆறாம் நாளில் சொன்னதால்தான் பேச முடிந்தது, பத்தாம் நாளில் சொல்லியிருந்தால் பேசுவதற்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி, வாக்கு பிறக்கும் இடத்துக்கு வரலாம். மனிதர் தம் வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர் என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக அறிவர். டேனியல் கானமனும் ஏமோஸ் டிவெர்ஸ்கியும் 1979இல் இதனைத் திட்டமிடல் மயக்கம் என்று சுட்டினர். 1994இல் ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதை எண்களால் காட்டியது. பட்ட ஆய்வேட்டை முடிக்கவிருந்த 37 உளவியல் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டபோது, அவர்கள் சொன்னது சராசரியாக 33.9 நாள், எல்லாமே கைமீறிப்போனால் எத்தனை நாள் என்று கேட்டபோது சொன்னது 48.6 நாள், உண்மையில் எடுத்துக்கொண்டதோ 55.5 நாள். மிக மோசமாகப் போகும் என்று அவர்களே எண்ணிப் பார்த்த நிலையையும் உண்மை தாண்டிவிட்டது! சொன்ன காலத்துக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவு. இவர்கள் சோம்பேறிகள் அல்லர். தம் வேலையைத் தாமே மதிப்பிட்டவர்கள். எவரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தும் ஒருவர் எதிரே அமர்ந்திருந்தால் அந்த 33.9 எவ்வளவாகக் குறைந்திருக்கும்?

இந்த மயக்கத்துக்கு மருந்தாக மென்பொருள் உலகம் கண்ட வழிகள் எளியவை. ஜேம்ஸ் கிரெனிங் 2002இல் விளக்கிய ‘பிளானிங் போக்கர்’ முறையில், ஒரு ஸ்டோரியின் அளவைக் குறிக்கும் எண்ணை ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் தேர்ந்து, அனைவரும் ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுவர். மூத்தவர் முதலில் ஐந்து என்று சொல்லிவிட்டால் இளையவர் பதின்மூன்று என்று எண்ணியிருந்தாலும் ஐந்து என்றே சொல்லிவிடுவார் அல்லவா? அதைத் தடுப்பதற்கே இந்த ஏற்பாடு. ஐந்துக்கும் பதின்மூன்றுக்கும் இடையே வேறுபாடு தோன்றியவுடன் இருவரும் காரணம் சொல்ல வேண்டும். பதின்மூன்று காட்டிய, மென்பொருளைச் சோதிக்கும் இளையவருக்கு மட்டுமே தெரிந்த பழைய பிழை ஒன்று அப்போதுதான் மேசைக்கு வருகிறது. இன்னொரு வழி, கென்ட் பெக்கும் மார்ட்டின் ஃபவுலரும் நேற்றைய வானிலை என்று பெயரிட்டது: கடந்த சுற்றில் எவ்வளவு உண்மையாகவே முடிந்ததோ, அடுத்த சுற்றிலும் அவ்வளவுக்கே பொறுப்பேற்பது. இதில் வீரம் இல்லை. மேலாளரை மகிழ்விக்கும் வளர்ச்சிக் கோடும் இல்லை. ஆனால் வாக்குத் தவறாத குழு என்ற பெயர் இதனால்தான் கிட்டுகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மதிப்பீடு வேறு, வாக்கு வேறு. மதிப்பீடு என்பது அறிவின் கூற்று; வாக்கு என்பது மனத்தின் ஒப்புதல். ஒருவர் தந்த மதிப்பீட்டை, அவர் அறியாமலேயே வாக்காக மாற்றி, வாடிக்கையாளருக்கு அனுப்பும் அட்டவணையில் தேதியாக எழுதிவிடும் பழக்கம் எத்தனை அலுவலகங்களில் இருக்கிறது! அந்தத் தேதி தவறும்போது குழுவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமா? வாக்கைத் தருபவர் தாமே முன்வந்து தந்திருக்க வேண்டும். மறுக்கும் உரிமை அவருக்கு உண்மையாகவே இருந்திருக்க வேண்டும். மறுக்க முடியாத இடத்தில் தலையசைத்ததை வாக்கு என்று கொள்வது, அந்த அட்டவணையை நம்பியிருக்கும் வாடிக்கையாளரையும் சேர்த்தே ஏமாற்றுவதாகும்.

பெரிய அளவில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் காண்பது இவ்விடத்தில் பொருந்தும். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, காகிதக் கோப்புகளிலிருந்து மின்னணுக் கோப்புகளுக்கு மாறும் பொருட்டு உருவாக்கிய ‘விர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ என்னும் மென்பொருள், ஏறத்தாழ 170 மில்லியன் டாலர் செலவான பிறகு 2005இல் கைவிடப்பட்டது. அடுத்து ‘சென்டினல்’ என்னும் திட்டம் 2006இல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நான்கு கட்டங்கள், 425 மில்லியன் டாலர், 2009 டிசம்பரில் நிறைவு என்பது திட்டம். பின்னர் நிதி வரம்பு 451 மில்லியனாக உயர்ந்தது. 2010 அக்டோபரில் அமெரிக்க நீதித் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் வெளியிட்ட அறிக்கையின்படி, 405 மில்லியன் டாலர் செலவாகியிருந்தது. கிடைத்திருந்தவை நான்கில் இரண்டு கட்டங்கள் மட்டுமே. பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. பணியிலோ பாதிதான் கிடைத்தது. அத்தனை ஆண்டுகளும் அட்டவணைகள் இருந்தன. கையொப்பமிட்ட உறுதிகள் இருந்தன. கட்டந்தோறும் ஆவணங்கள் குவிந்தன. இருந்தும் என்ன பயன்?

அந்த நிலையில், மேற்பார்வையை எஃப்பிஐ தன் கையில் எடுத்துக்கொண்டு, பணியாளர் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்து, அஜைல் முறைக்கு மாறியது. இரு வார ஸ்பிரின்ட்கள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இயங்கும் மென்பொருள் பயன்படுத்துவோர் முன் காட்டப்பட்டது. 2011 செப்டம்பரில் முடிப்போம் என்பது புதிய உறுதி. அந்த உறுதி காக்கப்பட்டதா? காக்கப்படவில்லை. இதை மறைத்துவிட்டு அஜைலின் வெற்றிக் கதையாக மட்டும் சென்டினலைச் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. அவ்வாறு சொல்வது வரலாற்றுக்கும் நேர்மையாகாது, அந்தக் குழுவின் உண்மையான சாதனைக்கும் நியாயம் செய்யாது. 2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கான ஊழியர்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தச் செய்து நடத்திய சோதனையில் சென்டினல் இருமுறை செயலிழந்தது. இருக்கும் வன்பொருள் அத்தனை பேரைத் தாங்காது என்பது அப்போது தெரியவந்தது. அங்கே இரண்டு வழிகள் இருந்தன. தேதி முக்கியம் என்று கருதி, செயலிழக்கும் மென்பொருளை அப்படியே நாடெங்கும் உள்ள புலனாய்வாளர்களின் தலையில் கட்டியிருக்கலாம். அல்லது தேதியை விட்டுக்கொடுத்து இலக்கைப் பிடித்துக்கொள்ளலாம். அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். வன்பொருள் மாற்றப்பட்டது. 2012 ஜூலை 1ஆம் நாள் சென்டினல் எஃப்பிஐ முழுமைக்கும் பயன்பாட்டுக்கு வந்தது. செலவு 451 மில்லியன் வரம்புக்குள் நின்றது. தேதி ஒன்பது மாதங்களுக்கு மேல் தவறியது. ஆனால் பத்தாண்டு காலம் எட்டாதிருந்த இலக்கு எட்டப்பட்டது. தாமதத்தின் காரணம் அது நிகழ்ந்த மாதத்திலேயே தெரிந்திருந்தது என்பதுதான் முந்தைய ஆண்டுகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு.

இலக்குக்கு அடுத்தபடியாகக் காக்க வேண்டியது ‘முடிந்தது’ என்பதன் வரையறை. நிரல் எழுதப்பட்டால் முடிந்ததா? எழுதியவரின் கணினியில் ஓடினால் முடிந்ததா? மற்றொருவர் படித்துப் பார்த்து, தானியங்கிச் சோதனைகள் தேறி, மற்றப் பகுதிகளுடன் இணைந்து, பயனரிடம் கொடுக்கத்தக்க நிலையை அடைந்தால்தான் முடிந்தது என்று குழு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறது. நெருக்கடி வரும்போது முதலில் பலியாவது இந்த வரையறைதான். சோதனையை அடுத்த ஸ்பிரின்டில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர்கள் மௌனமாக ஒப்புக்கொள்கின்றனர். பலகையில் எல்லாம் பச்சை நிறமாகிறது. வார்ட் கன்னிங்ஹாம் 1992இல் இத்தகைய குறுக்குவழிகளின் விளைவைக் கடனுக்கு ஒப்பிட்டார்: சிறிது கடன் வேலையை விரைவுபடுத்தும், ஆனால் உடனே அடைக்காவிட்டால் வட்டியே வேலை முழுவதையும் விழுங்கிவிடும். அந்த வட்டி யார் தலையில் விழுகிறது? ஆறு மாதம் கழித்து அதே நிரலைத் திறக்கும் புதியவரின் தலையில். தரத்தைக் குறைத்துத் தேதியைக் காத்த குழு, ஒரு வாக்கைக் காட்டி இன்னொரு வாக்கை மீறிய குழுவாகும்.

தரத்துக்கு அடுத்த பலி, மனிதரின் உடல்நலம். வேலை தருவோர், உருவாக்குவோர், பயன்படுத்துவோர் மூவரும் காலவரையறையின்றித் தாங்கக்கூடிய சீரான வேகமே வேண்டும் என்பது 2001 அறிக்கையின் பன்னிரண்டு கொள்கைகளுள் ஒன்று. கென்ட் பெக்கின் ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ முறை, வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதையே தன் நடைமுறைகளுள் ஒன்றாக வைத்தது. எப்போதாவது ஒரு வாரம் கூடுதலாக உழைப்பதில் தவறில்லை. ஒவ்வொரு ஸ்பிரின்டின் கடைசி மூன்று நாளும் இரவுப் பணியாகவே இருந்தால், அது அர்ப்பணிப்பு என்று பாராட்டத்தக்கதன்று. திட்டமிடல் கூட்டத்தில் கொடுத்த வாக்கு தொடக்கத்திலேயே பொய்யாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

அன்றாடப் பழக்கங்களுக்கு வரலாம். ஸ்டாண்ட்-அப்பில் அடிக்கடி ஒலிக்கும் சொற்கள் எவை? ‘தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது’ என்பது ஒன்று. இன்றும் அதே தொண்ணூறு. நாளையும் அதே தொண்ணூறு. மிச்சமிருக்கும் பத்தில் என்ன இருக்கிறது, எது தடுக்கிறது, யாருடைய உதவி வேண்டும் என்று சொல்வதே பொறுப்பேற்றவரின் பேச்சு. கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. நிரலை எழுதி முடித்த ஒருவர், படித்துப் பார்த்து ஒப்புதல் தருமாறு சக ஊழியருக்கு அனுப்பிவிட்டு மூன்று நாள் காத்திருக்கிறார். சக ஊழியரோ தம் ஸ்டோரியில் மூழ்கியிருக்கிறார். குழுவின் வாக்கு இத்தகைய சிறிய காத்திருப்புகளில்தான் கரைகிறது. கண்டங்களுக்கு அப்பால் பிரிந்திருக்கும் குழுக்களில் இதன் விலை இன்னும் அதிகம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகத்தில் மாலை 6.30 மணி ஆகும்போது, கோடைக்கால நியூயார்க்கில் காலை 9 மணி. இரு தரப்பும் ஒருங்கே விழித்து வேலையில் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் கேட்கத் தவறிய ஒரு கேள்விக்கு, விடை கிடைக்க ஒரு முழு நாள் கழிந்துவிடும்.

அந்த மாலைக் கூட்டத்தில் இன்னொன்றும் நிகழ்கிறது. ‘வெள்ளிக்கிழமைக்குள் ஆகிவிடுமா?’ என்று மறுமுனையில் கேட்கின்றனர். ஆகாது என்று தெரிந்தும், ‘முயன்று பார்க்கிறோம் சார்’ என்று இம்முனையில் விடை போகிறது. பெரியவர் எதிரே மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த மனம் அப்படித்தான் விடை சொல்லும். அம்மனத்தைப் பழிப்பது எளிது, புரிந்துகொள்வதே தேவை. ஆயினும் ஆகாததை ஆகும் என்று தோன்றச் சொல்வது எந்த வகையில் மரியாதை? வெள்ளிக்கிழமையை நம்பி மறுமுனையில் இருப்பவர் தம் மேலிடத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்திருப்பார். அதுவும் சேர்ந்து உடைகிறது. ஐந்து விழுமியங்களுள் துணிவு இடம்பெற்றது வெறும் அலங்காரத்துக்காக அன்று. வெள்ளிக்கிழமைக்குள் இது ஆகாது, ஆனால் இந்தப் பகுதி ஆகும், அது போதுமா என்று கேட்பதற்கு வேண்டிய துணிவு அது.

இனி, வேலை வாங்குவோரின் பக்கம். ஸ்பிரின்ட் நடந்துகொண்டிருக்கும்போது ‘சின்ன வேலைதான்’ என்று ஒன்றை நடுவில் நுழைப்பவர், குழுவின் வாக்கைத் தாமே உடைக்கிறார். தாமதமான திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். புதியவருக்குக் கற்பிக்கும் வேலை பழையவரின் நேரத்தைத்தான் தின்னும். ஒரு குழுவின் வேகத்தை அளக்கும் ‘வெலாசிட்டி’ என்னும் எண்ணை எடுத்து இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பரிசும் கண்டனமும் வழங்குவது, இரு குழுக்களுக்கும் எண்களைப் பெருக்கிக் காட்டக் கற்றுக்கொடுப்பதில்தான் முடியும். இலக்கைத் தெளிவாகச் சொல்வது, நடுவில் மாற்றாமல் இருப்பது, கேள்விக்கு அன்றே விடை தருவது, தடைகளை அகற்றுவது: இந்த நான்கும் மேலாளரும் பிராடக்ட் ஓனரும் குழுவுக்குக் கொடுத்திருக்கும் வாக்கு. அதைக் கேட்டு வாங்கும் உரிமை குழுவுக்கு உண்டு.

இந்த அரங்கில் குழுக்களை நடத்தும் மூத்தவர்கள் பலர் இருக்கின்றனர். அவர்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் ஒன்று. அடுத்த ஸ்பிரின்டில், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பணியில் சேர்ந்து ஓராண்டு கூட ஆகாத ஒருவர் தயங்கித் தயங்கி, எடுத்துக்கொண்டது முடியாது போலிருக்கிறது என்று சொல்வார். ஏன் முடியாது என்ற கேள்வி அப்போது நாவின் நுனிக்கு வரும். அதைச் சற்றே நிறுத்திவைத்து, முன்கூட்டியே சொன்னதற்கு அவருக்கு நன்றி கூறுங்கள். குழுவினர் அனைவரும் கேட்கும்படி கூறுங்கள். பிறகு இலக்கை எப்படிக் காப்பது என்று அவரிடமே கேளுங்கள். அவருக்குக் கிடைக்கும் விடையைப் பார்த்துத்தான், அடுத்த முறை மற்றவர்கள் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்று முடிவு செய்வார்கள்.